பென் டேப்லெட் வாங்கும் முன் அளவுகோலை எடுங்கள்

பென் டேப்லெட் என்பது கணினியோடு இணைத்து, அதற்கான பேனாவால் வரையும் பலகை. அதன் பெட்டிகள் பலவற்றில் பெரிதாக அச்சிடப்படும் எண் 8192. பேனா உணரும் அழுத்த நிலைகள் அத்தனை என்று பொருள். வாங்க நினைப்பவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு எண்ணை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள்: 2048-ஐவிட 8192 நான்கு மடங்கு, ஆகவே நான்கு மடங்கு நல்லது. ஆனால் 8 பிட் படத்தில் ஒரு நிறச் சேனலுக்கு இருப்பதே 256 படிகள்தான். 20 பிக்சல் அகலமுள்ள பிரஷை 2048 படிகளில் தடிமனாக்கினாலும் 8192 படிகளில் தடிமனாக்கினாலும் திரையில் விழுவது கண்ணால் பிரித்தறிய முடியாத ஒரே கோடு. இன்று கிடைக்கும் எந்த நல்ல டேப்லெட்டிலும் இந்த எண் போதுமானதாகவே இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடலாம்.

பார்க்க வேண்டியது வேறு. டேப்லெட்டின் வரையும் பரப்புக்கும் உங்கள் மானிட்டருக்கும் உள்ள விகிதம், எவ்வளவு லேசாகத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது என்பது, உங்கள் மேசையில் அந்தப் பலகை எங்கே உட்காரும் என்பது. முதலாவதற்கும் கடைசிக்கும் ஓர் அளவுகோலும் ஐந்து நிமிடமும் போதும்.

அளவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மவுஸ் நகர்ந்த தூரத்தை மட்டும் சொல்லும். பேனா அப்படி இல்லை: டேப்லெட்டின் இடது மேல் மூலை திரையின் இடது மேல் மூலை, வலது கீழ் மூலை திரையின் வலது கீழ் மூலை. பரப்பு சிறிதாக இருந்தால் கையின் சின்ன அசைவு திரையில் பெரிய தாவலாகிவிடும். 24 அங்குல மானிட்டரின் படப்பரப்பு ஏறத்தாழ 531 மி.மீ. அகலம். வாக்காம் (Wacom) நிறுவனத்தின் இன்டுவோஸ் சிறிய மாடலின் வரையும் பரப்பு 152 × 95 மி.மீ. அதாவது கை 1 மி.மீ. நகர்ந்தால் கர்சர் 3.5 மி.மீ. நகரும், முழு எச்டி திரையில் இது 12 பிக்சலுக்கு மேல். அதே இன்டுவோஸில் நடுத்தர மாடல் 216 × 135 மி.மீ.; விகிதம் 2.5-க்கு இறங்குகிறது. எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2, ஹுயான் எச்1060பி போன்றவற்றின் பரப்பு 254 மி.மீ. அகலம்; விகிதம் 2.1.

இதே சிறிய டேப்லெட்டை 15.6 அங்குல லேப்டாப்போடு இணைத்தால் கதை மாறுகிறது. அந்தத் திரையின் அகலம் சுமார் 345 மி.மீ.; விகிதம் 2.3. லேப்டாப்பில் மட்டும் வேலை செய்பவருக்குச் சிறிய டேப்லெட் போதும் என்பதற்கும், 27 அங்குல மானிட்டர் வைத்திருப்பவருக்கு அதே டேப்லெட் எரிச்சலூட்டும் என்பதற்கும் காரணம் இதுதான். எங்கள் கணக்கு எளிது: மானிட்டரின் அகலத்தை மி.மீ.-இல் அளந்து, டேப்லெட்டின் வரையும் பரப்பின் அகலத்தால் வகுங்கள். விடை 2.5-க்குக் கீழே இருந்தால் வரையலாம். 3-ஐத் தாண்டினால் நீண்ட கோடுகள் நடுங்கும், ஒவ்வொரு கோட்டையும் மூன்று முறை அழித்துப் போட வேண்டிவரும். டேப்லெட்டின் வெளி அளவை எடுத்து வகுத்து ஏமாறாதீர்கள்; பட்டன்களும் ஓரமும் சேர்ந்த அந்த அளவு வரைவதற்கு உதவாது.

பெரியதாகவே வாங்கிவிடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு, பணத்தில் மட்டும் இல்லை. இன்டுவோஸ் புரோ பெரிய மாடலின் (2017) பரப்பே 311 × 216 மி.மீ. மெனுவைத் தொட மூலைக்கு மூலை முழங்கையை நகர்த்த வேண்டும். கீபோர்டு பக்கவாட்டிலோ டேப்லெட்டுக்கு மேலேயோ தள்ளப்படும். ஒரு மணி நேரத்தில் தோள் வலிக்கும். தோளிலிருந்து கையை வீசி வரையப் பழகியவர்களுக்கு அது வரம். மணிக்கட்டை ஊன்றி வரைபவர்களுக்கு, நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான், சுமை. வாங்கும் முன் டேப்லெட்டின் வெளி அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி மேசையில் வைத்துப் பாருங்கள். கீபோர்டில் இடது கை எட்டுகிறதா, வலது முழங்கை மேசைமேல் தங்குகிறதா என்று தெரிந்துவிடும். இடது கைக்காரர்கள் அட்டையைத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். டேப்லெட்டை இயக்கக் கணினியில் நிறுவும் மென்பொருளான டிரைவரில் 180 டிகிரி திருப்பும் வசதி ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு, ஆனால் கேபிள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதை டிரைவர் மாற்றாது.

அளவோடு சேர்ந்ததுதான் வடிவம். 152 × 95 என்பது 16:10 விகிதம். மானிட்டர் பெரும்பாலும் 16:9. அப்படியே இணைத்தால் டேப்லெட்டில் வட்டமாகப் போடும் கோடு திரையில் பக்கவாட்டில் 11 சதவீதம் நீண்ட முட்டையாக விழும். முகம் வரைபவர்களுக்குத் தாங்கள் வரையும் முகமெல்லாம் ஏன் கொஞ்சம் அகலமாகிறது என்றே புரியாது. டிரைவரில் விகிதத்தைக் கட்டாயப்படுத்தும் ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். அதைப் போட்டால் கீழே 9.5 மி.மீ. பட்டை செயலற்றுப் போகும், வட்டம் வட்டமாகவே விழும். அந்தப் பட்டையை இழப்பதில் நஷ்டமில்லை. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக ஒரே மானிட்டருக்கு மட்டும் பரப்பை ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையின் பாதி நீங்கள் வரையாத திரைக்குப் போய்விடும். மேலே போட்ட விகிதக் கணக்கும் இரட்டிப்பாகும்.

அடுத்தது பேனா. வாக்காம் ஜப்பானில் 1983-இல் தொடங்கிய நிறுவனம். அதன் பேனாவில் பேட்டரி கிடையாது. பலகைக்குள் இருக்கும் கம்பி வலை மின்காந்த அலையை அனுப்புகிறது, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கி அதிர்ந்து திருப்பி அனுப்புகிறது, பேனாவின் முனையான நிப் அழுத்தப்படும்போது அந்த அதிர்வு மாறுகிறது. இவ்வளவுதான். ஹுயான், எக்ஸ்பி-பென் ஆகியவற்றின் பழைய பேனாக்களை சார்ஜ் செய்ய வேண்டும், அல்லது உள்ளே பேட்டரி போட வேண்டும். இப்போதைய மாடல்கள் பேட்டரி இல்லாதவை. புதிதாக வாங்குபவர் பேட்டரிப் பேனாவை எடுக்க இனி ஒரு காரணமும் இல்லை. ஆனால் பேனாக்கள் எல்லாம் ஒரே தத்துவத்தில் இயங்குவதால் ஒன்றின் பேனா இன்னொன்றில் எழுதும் என்று நினைக்க வேண்டாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்கு இடையிலும் பேனா பல சமயம் பொருந்தாது.

பேனாவில் தரம் தெரிவது முதல் தொடுதலில். கோடு விழத் தொடங்கக் குறைந்தபட்சம் எத்தனை கிராம் அழுத்தம் வேண்டும் என்பதுதான் அந்த அளவு. ஓரிரு கிராமில் தொடங்கினால் அருமை, பத்து கிராம் கேட்டால் மெல்லிய நிழல் போடவே முடியாது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பேனாவின் எடை சுமார் 10 முதல் 15 கிராம். அதன் வாலை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, தன் எடையிலேயே பலகைமேல் நிற்கவிட்டு மெதுவாக இழுங்கள். கோடே விழவில்லை என்றால் அந்தப் பேனா உங்கள் கையை எப்போதும் அழுத்தச் சொல்லிக்கொண்டே இருக்கும். மாலைக்குள் கட்டைவிரல் வலிக்கும். டிரைவரின் அழுத்த வளைவை மென்மைப் பக்கம் தள்ளினால் நடுப்பகுதி மாறும். முதல் தொடுதலின் எல்லையை எந்த டிரைவராலும் குறைக்க முடியாது.

பொருள் வீட்டுக்கு வந்த அன்றே, திருப்பி அனுப்பும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் மூன்று சோதனைகள் செய்துவிடுங்கள். கோட்டைத் தானாகச் சீராக்கும் ஸ்மூத்திங்கைப் பிரஷில் பூஜ்யமாக்கிவிட்டு, அளவுகோலைச் சாய்வாக வைத்து, மிக மெதுவாக ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு ஒழுங்கான இடைவெளியில் அலை அலையாக வந்தால் அது சென்சாரின் நடுக்கம். கையின் நடுக்கம் அப்படி ஒழுங்காக வராது. பிறகு வேகமாகப் புல் இதழ் போடுவதுபோல் ஐம்பது கோடுகளை வீசிப் பாருங்கள். ஒவ்வொரு வாலும் மெலிந்து முடிய வேண்டும். முனையில் கொக்கியோ புள்ளியோ தங்கினால் பேனா அழுத்தத்தை விடுவிப்பதில் தாமதிக்கிறது. கடைசியாக நான்கு ஓரங்களிலும் ஓட்டிப் பாருங்கள். மலிவான பலகைகளில் ஓரம் நெருங்க நெருங்கக் கர்சர் விலகும்.

சாய்வுக் கோடு நடுங்கினால் உடனே டேப்லெட்டைக் குற்றம் சொல்லிவிட வேண்டாம். முதலில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் வரைந்து பாருங்கள். வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லாவிட்டாலோ, மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருந்தாலோ கசியும் மின்சாரம் கர்சரை நடுங்க வைக்கும். டேப்லெட்டுக்கு அடியில் இரும்பு மேசை, பக்கத்தில் ஸ்பீக்கர், மேலே காந்தம் வைத்த மொபைல் கவர், இவையும் அதே வேலையைச் செய்யும்.

இங்கே ஓவியமும் புகைப்படத் திருத்தமும் பிரிகின்றன. இரண்டுக்கும் ஒரே டேப்லெட் போதும் என்றாலும் இரண்டும் அதனிடம் கேட்பது வேறு. புகைப்படத்தில் வேலை செய்பவர் எப்போதும் ஜூம் செய்துதான் திருத்துவார். 200 சதவீதத்தில் ஒரு கண்ணிமையைத் தொடுபவருக்கு விகிதம் 3.5 ஆனாலும் பாதகமில்லை. நீண்ட கோடு அவருக்குத் தேவையே இல்லை. பேனாவின் சாய்வை உணரும் வசதியும் வேண்டாம். அது பென்சிலின் பக்கவாட்டால் நிழல் தீட்டுவதுபோல் வரையும் ஓவியருக்கானது. திருமண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவுக்குச் சிறிய, சாய்வு உணராத, எளிய டேப்லெட் தாராளம். ஓவியருக்கு நடுத்தர அளவும் சாய்வும் கிடைத்தால் நல்லது. வாக்காமின் தொடக்க நிலை இன்டுவோஸில் சாய்வு கிடையாது, புரோவில் உண்டு. மேலே சொன்ன ஹுயான், எக்ஸ்பி-பென் 254 மி.மீ. மாடல்களில் குறைந்த விலையிலேயே 60 டிகிரி வரை கிடைக்கிறது. பணத்துக்கு ஏற்ற பரப்பு என்று பார்த்தால் ஓவியம் கற்கத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இந்த இரண்டில் ஒன்று. டிரைவரோடு மல்லாட நேரமில்லாத ஸ்டுடியோ என்றால் வாக்காம்.

திருத்த வேலையில் அழுத்தத்தை எதற்கு இணைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபோட்டோஷாப்பில் முகத்தின் ஒளியையும் நிழலையும் சரி செய்யப் புதிய லேயர் ஒன்றை எடுத்து, சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வைத்து, 50 சதவீதச் சாம்பலால் நிரப்புங்கள். பிரஷின் கடினம் 0, ஃப்ளோ (நிறம் பாயும் அளவு) 2 முதல் 5 சதவீதம். அழுத்தம் ஒளிபுகாத்தன்மையை மட்டும் கட்டுப்படுத்தட்டும். பிரஷ் அளவை அழுத்தத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். அளவும் சேர்ந்து மாறினால் ஒவ்வொரு தீட்டலும் கூரான வாலோடு முடியும், கன்னத்தில் புழு ஊர்ந்த தடம்போல் திட்டுத் திட்டாகத் தெரியும். வெள்ளையால் தீட்டினால் வெளுக்கும், கறுப்பால் தீட்டினால் கறுக்கும். பத்து லேசான தீட்டல்கள் ஒரு பலமான தீட்டலைவிட எப்போதும் மேல்.

ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் தீட்டும் கருவியான குளோன் ஸ்டாம்புக்கு இது தலைகீழ். அங்கே அழுத்தத்துக்கும் ஒளிபுகாத்தன்மைக்கும் உள்ள தொடர்பை அறுக்க வேண்டும். பாதி ஒளி ஊடுருவும் நகலை அசலின் மேல் வைத்தால் இரண்டு தோல் அமைப்புகள் கலந்து, அந்த இடம் மட்டும் மெழுகு தடவியதுபோல் மங்கும். தோல் மழுங்கிப்போன திருமணப் படங்களில் பாதிக்கு மென்பொருள் காரணமே இல்லை, இந்த ஒரு பட்டன்தான். முடியை மாஸ்க்கில் பிரிப்பதற்கு மட்டும் அளவை அழுத்தத்தோடு இணைக்கலாம்: வேரிலிருந்து நுனிக்கு ஒரே வீச்சு, வேரில் தடிமன், நுனியில் மெலிவு. பேனாவின் இரண்டு பட்டன்களில் ஒன்றுக்கு வலது கிளிக்கையும் மற்றொன்றுக்கு ஆல்ட் கீயையும் கொடுங்கள். குளோன் எடுக்கும் இடத்தைக் குறிக்க ஆல்ட் தேவை. விண்டோஸில் ஆல்ட்டையும் வலது கிளிக்கையும் சேர்த்து அழுத்தி இழுத்தால் பிரஷின் அளவும் கடினமும் மாறும். ஃபோட்டோஷாப்பின் பென் டூல் என்ற கருவியால் பாதை வெட்டும் வேலைக்குத் தாராளமாக மவுஸுக்குத் திரும்பலாம். பேனாவால் கிளிக் செய்யும்போது முனை ஓரிரு பிக்சல் நகரும். பொருள் வெட்டும் பாதையில் அது தெரியும்.

டிரைவர் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. முன்பு வேறு டேப்லெட் இருந்திருந்தால் அதன் டிரைவரை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே புதியதை நிறுவ வேண்டும். இரண்டு நிறுவன டிரைவர்கள் ஒரே கணினியில் இருந்தால் கர்சர் நகரும், அழுத்தம் மட்டும் செத்துக் கிடக்கும். ஃபோட்டோஷாப்பின் பிரஷ் அமைப்பில் பென் பிரஷர் என்பதன் அருகே எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் அழுத்தம் அங்கே வந்து சேரவில்லை என்று அர்த்தம்; விண்டோஸில் டேப்லெட் டிரைவருக்குள் போய் பேனாவுக்கான விண்டோஸின் சொந்த வசதியான விண்டோஸ் இங்க் இயங்குகிறதா என்று பாருங்கள். கோட்டின் தொடக்கம் தயங்கி, பேனாவைச் சுற்றி ஒரு வளையம் தோன்றினால் அது விண்டோஸ் நீண்ட அழுத்தத்தை வலது கிளிக்காக எடுத்துக்கொள்வது. கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் பகுதிக்குப் போய் அதை நிறுத்திவிடலாம். ஓவிய மென்பொருளான கிரிட்டாவில் அழுத்தம் வராவிட்டால் அதன் டேப்லெட் அமைப்பில் வின்டேப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டில் இப்போது இருப்பதை மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள். படத் திருத்த மென்பொருளான கிம்ப்பில் உள்ளீட்டுக் கருவிகள் பட்டியலில் பேனாவின் முறை ஸ்கிரீன் என்று இருக்க வேண்டும். மேக்கில் டிரைவருக்கு ஆக்சஸிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் என இரண்டு அனுமதி வேண்டும்; இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் பேனா இயங்காமல் போனால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான். லினக்ஸ்காரர்களுக்கு வாக்காமின் ஆதரவு இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. மற்றவற்றுக்கு ஓப்பன்டேப்லெட்டிரைவர் என்ற திறமூல மென்பொருள் கைகொடுக்கும்.

திரையுள்ள டேப்லெட்டை வாங்கலாமா? ஓவியருக்கு, கையைப் பார்த்துக்கொண்டே வரைய முடிவது உண்மையான வசதி. ஆனால் பலகை டேப்லெட்டில் திரையைப் பார்த்து வரையும் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும், கழுத்தும் நிமிர்ந்தே இருக்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி இருந்தால் முனை ஓரிடத்திலும் கோடு ஓரிடத்திலும் தெரியும். ஆகவே இரண்டையும் இடைவெளியின்றி ஒட்டிய முழு லேமினேஷன் உள்ளதையே எடுக்க வேண்டும். புகைப்படக்காரருக்கு நாங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வோம். சொரசொரப்பான மேற்பரப்பு கூர்மையை மங்கச் செய்கிறது, நல்ல மானிட்டருக்குப் பக்கத்தில் வேறு நிறம் காட்டும் இரண்டாவது திரை குழப்பத்தைத்தான் கூட்டுகிறது. வாங்கியே தீருவேன் என்றால் லேப்டாப்பின் துளைகளை முதலில் பாருங்கள். 13 அங்குல வகைகளில் பலவற்றுக்கு எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, மின்சாரம் என மூன்று முனைகள் கொண்ட கேபிள். எச்டிஎம்ஐ ஏற்கெனவே மானிட்டருக்குப் போயிருந்தால் யுஎஸ்பி-சி மிச்சம். ஆனால் எல்லா யுஎஸ்பி-சி துளையும் படத்தைக் கடத்தாது, டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளது மட்டுமே கடத்தும்.

நிப் தேய்வதைக் குறையாக நினைக்க வேண்டாம், அது பென்சில் தேய்வதுபோலத்தான். மேற்பரப்பு காகிதம்போல் சொரசொரப்பாக இருந்தால் கோட்டில் பிடிப்பு கிடைக்கும், நிப் சீக்கிரம் கரையும். வழவழப்பாக இருந்தால் நிப் நீடிக்கும், பேனா வழுக்கும். முனை உளிபோல் ஒருபக்கம் சாய்ந்து விளிம்பு கூர்மையானதும் மாற்றிவிடுங்கள். அந்த விளிம்புதான் பலகையைக் கீறுவது. பெட்டியோடு வரும் வளையத்தால் நேராக இழுத்து எடுக்க வேண்டும், திருகக் கூடாது. ஏற்கெனவே கீறல் விழுந்த பலகையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொள்ளலாம். பேனா அதை ஊடுருவியும் வேலை செய்யும். இரண்டு விரல் கையுறை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். தொடு வசதி இல்லாத டேப்லெட் கையை உணராது, எனவே அதைத் தடுக்கக் கையுறை தேவையில்லை. வியர்வைக்குத்தான். மே மாதச் சென்னையில் வெறும் கை பலகையில் ஒட்டி ஒட்டி நகரும், கோடும் அப்படியே வரும்.

பழையது வாங்குவதில் தவறில்லை, இவற்றில் கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு. பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 2013-இல் வாக்காம் தன் பாம்பூ வரிசைக்கு இன்டுவோஸ் என்று பெயர் மாற்றியது, அதுவரை இன்டுவோஸாக இருந்தது இன்டுவோஸ் புரோ ஆனது. விளம்பரத்தில் வெறுமனே இன்டுவோஸ் என்று இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பின்பக்க மாடல் எண் சிடிஎல் என்று தொடங்கினால் தொடக்க நிலை, பிடிஎச் என்றால் புரோ. பழைய பாம்பூக்களை இப்போதைய டிரைவர் ஏற்காது, பழைய டிரைவர் பதிப்பைத் தேடி நிறுவ வேண்டும். கேபிள் செருகும் துளையை லேசாக அசைத்து, இணைப்பு விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். மைக்ரோ யுஎஸ்பி துளை உள்ளவற்றில் முதலில் தளர்வது அதுதான். பேனா இல்லாத பலகை பாதி விலைக்குக் கிடைத்தால், அந்த மாடலுக்கான பேனா தனியாக என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.